படம் வரைந்து பாகங்களைக் குறி

"சுவாமி, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?"

மலையடிவார ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் கோமளவல்லி கேட்டது இதைத்தான். கழற்றிய செருப்பு ஒன்று படியில் கிடந்தது, மற்றது புல்லில்.

கோமளவல்லி அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டவர். சுவாமி அவரைவிட இளையவர். வாழைக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரை சேறு.

"சொல்லுங்க டீச்சர். கன்று கேட்கும், நானும் கேட்கிறேன்."

"டிஜிட்டல் ஓவியத்தைப் பாடமா வெச்சாங்க. பிள்ளைங்க திரையில வரையும்னு பூரிச்சுப் போனேன். பரீட்சையில என்ன கேள்வி தெரியுமா? 'கைக்கணினியின் படம் வரைந்து பாகங்களைக் குறி.' பென்சிலால!"

சுவாமி சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க, வயிறு எரியுது. நான் கரும்பலகையில சாக்பீஸால திரை வரையறேன். அதுங்க பார்த்து எழுதுதுங்க. இசக்கிப்ரியான்னு ஒரு பொண்ணு. 'இந்த இடத்தைத் தொட்டா நிறம் மாறும்'னு சொன்னேன். எழுந்து வந்து கரும்பலகையைத் தொட்டுப் பார்த்தா, சுவாமி!"

அவர் தன் விரல்நுனியைத் தேய்த்துக் காட்டினார்.

"விரல்ல சாக்பீஸ் தூள். வகுப்பே சிரிச்சுது."

சுவாமி கன்றின் அடியில் மண்ணை அணைத்தார்.

"அந்தக் கைக்கணினி, டேப், எதுவும் அரசாங்கம் தரலையா?"

"தந்துதே. பீரோவில பத்திரமா இருக்கு."

"பீரோவில யாரு வெச்சது?"

"யாரு வெச்சா என்ன? உடைஞ்சா மேலிடம் சும்மா விடுமா? இப்ப இந்தப் பாடம் வேணுமா வேண்டாமான்னு எங்க கருத்தைக் கேட்கிறாங்க. வேண்டவே வேண்டாம்னு நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போறேன். ஊரை ஏமாத்த ஒரு பாடமா?"

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி அந்த டேப் எப்படி இருக்கும்னு நான் பார்க்கணுமே."

"பாருங்கன்னுதான் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்."

பையைத் திறந்தார். பூத்துவாலைக்குள் ஒரு துணி. துணிக்குள் கைக்கணினி. திரைமேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. அவர் அதை இயக்கியதும் வெள்ளைத் திரை ஒளிர்ந்தது.

"அழகா இருக்கே!" சுவாமி எழுந்தார். "தொட்டா நிறம் மாறுமா?"

சேற்று விரல் திரையை நெருங்கியது.

"ஐயோ! கையைக் கழுவிட்டு வாங்க!"

கோமளவல்லி கைக்கணினியை வெடுக்கென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

சுவாமி கையை மடக்கவில்லை. நீட்டிய விரலிலிருந்து சேறு சொட்டியது.

"பீரோ எங்கே இருக்குன்னு இப்பத்தான் தெரியுது, டீச்சர்."



கோமளவல்லியின் நகம் அந்த பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைத் தேடியது.