ஆறாம் நம்பர் டோக்கன்

கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் எட்டு மாதம் கழித்து ஒரே ஒரு நாள் தூத்துக்குடியில் இறங்குகிறான். அந்தத் தேதியையே நினைத்து ஏங்கிக் கிடந்த மரியசெல்வி, சென்னை மென்பொருள் ஆபீசில் லீவு கேட்டு நின்றாள்.

"பேங்குக்கு நாம புரோகிராம் எழுதிக் கொடுத்த டோக்கன் மிஷின் ஏன் நம்பரைத் தாண்டுதுன்னு கண்டுபிடிச்சுட்டுப் போம்மா. ஆனா அதுல நான் எழுதின மேக்ரோவை, அந்தக் குறுக்குவழிக் கட்டளையை மட்டும் குத்தம் சொல்லாதே," என்றார் மேனேஜர் வேதமூர்த்தி.

அவள் டோக்கன் சுருளை எடுத்தாள். "நான்தான் உங்க மேக்ரோன்னு வெச்சுக்குங்க. அஞ்சுங்கிற நம்பர், சுருள்ல வர்ற அடுத்த டோக்கன், இந்த ரெண்டுல எது பெரிசோ அதைக் கொடுன்னு கேளுங்க சார்."

கேட்டார். அவள் சுருளின் முனையில் இருந்த ஆறாம் நம்பரைக் கிழித்துப் பார்த்தாள். "அடுத்த டோக்கன்தான் பெரிசு" என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஏழாம் நம்பரைக் கிழித்து நீட்டினாள்.

"ஆறு எங்கேம்மா?"

"உங்க மேக்ரோ இப்படித்தான் சார், பார்க்க ஒண்ணு, கொடுக்க ஒண்ணுன்னு ரெண்டு தடவை கிழிக்குது. அதையே இன்லைன் ஃபங்ஷன்ங்கிற முறையில எழுதியிருந்தா, ஒரு தடவை கிழிச்சதையே கையில வெச்சிருந்து கொடுக்கும்."

வேதமூர்த்தி அவளுடைய லீவு லெட்டரைக் கையில் வாங்கினார். "எத்தனை நாள் லீவு?"

"ஒரு நாள்தான் சார். அதையும் பார்த்துட்டுக் கிழிச்சுப் போட்டுடாதீங்க."