மஞ்சளி மைனாவின் ஊற்று வகுப்பு

மஞ்சளி மைனாவுக்குத் தன் குரல் மேல் கொள்ளைப் பெருமை. பெருமைப்படக் காரணமும் இருந்தது. காட்டுக்கு டவர் வந்ததிலிருந்து அது அத்திமரத்துக் கிளையில் உட்கார்ந்து, செல்போனில் ஆன்லைன் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. எந்த மிருகம் போனை எங்கே வைத்துக்கொள்ளும் என்றெல்லாம் கேட்கக்கூடாது. எல்லாரிடமும் இருந்தது, அவ்வளவுதான்.

கூடு கட்டுவது எப்படி, பருந்து வந்தால் பதுங்குவது எப்படி என்று பாட்டும் கிண்டலுமாக மஞ்சளி சொல்லிக்கொடுக்கும். வகுப்பு முடிந்ததும் திரை நிறையச் சிவப்பு இதயங்கள் பறக்கும். அதைப் பார்த்தால் மஞ்சளிக்கு அன்றைக்கு இரையே வேண்டாம்.

ஒரு கோடை நாளில் மொட்டைப்பாறையிலிருந்து செவியன் என்ற முயல் கூப்பிட்டது. அந்தப் பாறை இரண்டு மலை தாண்டி இருந்தது. அங்கே இருந்த முயல் கூட்டத்துக்குச் செவியன்தான் தலைவன்.

"டீச்சர், எங்க சுனை வத்திக்கிட்டு இருக்கு. நாலு நாளைக்குத்தான் தண்ணி. பக்கத்துல காட்டாறு இருக்கு, ஆனா வெறும் மணல். அதுல ஊத்து தோண்டலாமாமே? எப்படின்னு சொல்லிக்கொடுங்க. பொடிக்குட்டிகளை வச்சுக்கிட்டு எங்களால வேற மலைக்குப் போக முடியாது."

"இதென்ன பிரமாதம்? நாளைக்கே வகுப்பு வச்சிடலாம்" என்றது மஞ்சளி.

பேசி முடித்த பிறகுதான் அதற்கு உறைத்தது. தன் வாழ்நாளில் அது ஒரு பிடி மணலைக்கூடக் கிளறியதில்லை.

ஊற்று என்றால் அந்தக் காட்டில் வல்லி யானைதான். எந்தக் கோடையிலும் வல்லி தோண்டித் தண்ணீர் வராமல் போனது கிடையாது. மஞ்சளி பறந்து போனபோது வல்லி மூங்கிலை முறித்துத் தின்றுகொண்டிருந்தது.

"வல்லியக்கா, ஊத்து எப்படித் தோண்டுறது?"

"மணலைத் தோண்டணும். தண்ணி வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் குடிக்கணும்."

மஞ்சளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு லேசான வேலைக்கா இந்த யானைக்கு இவ்வளவு பேரும் புகழும் என்று நினைத்துக்கொண்டது. ராத்தங்கல் மரத்துக்குப் போவதற்குள் ஒரு பாட்டு கட்டிவிட்டது. மறுநாள் மயிலைப் பிடித்து ஆடவிட்டு, 'தோண்டு தோண்டு, தண்ணீர் உண்டு' என்று பாடியது. காடே சேர்ந்து பாடியது. இதயங்கள் பறந்தது போதாதென்று ஒரு கரடி திரையில் எழுந்து நின்று ஆடியது. மஞ்சளிக்குப் பல் இருந்திருந்தால் அன்று வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும்.

சாயங்காலம் செவியன் கூப்பிட்டது. அதன் முன்னங்கால் நகங்கள் பிய்ந்திருந்தன.

"நாப்பது பள்ளம் தோண்டிட்டோம், டீச்சர். பாட்டு நல்லாத்தான் இருந்தது. தண்ணிதான் வரலை."

மஞ்சளியின் முகம் தொங்கிப்போனது. நேராக வல்லியிடம் போய் எரிந்து விழுந்தது.

"ஏன்க்கா எல்லாத்தையும் சொல்லாம விட்டீங்க? அந்த முயல்கள் முன்னாடி என் மானம் போச்சு!"

வல்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லாத்தையும்தானே சொல்லணும்? நாளைக்கு நானே வந்து சொல்றேன்" என்றது.

வந்தது. சொன்னது. மூன்று மணி நேரம் சொன்னது. மணலில் பதினேழு வகை, ஒவ்வொன்றின் நிறம், ஒவ்வொன்றும் எந்த மலையிலிருந்து வந்தது, எந்தக் கோடையில் யார் எங்கே தோண்டினார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. முதலில் குரங்குகள் நழுவின. பிறகு மான்கள். கரடி குறட்டை விட்டது. கடைசியில் திரையில் செவியன் மட்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"புரிஞ்சுதா?" என்று கேட்டது வல்லி.

"மன்னிச்சுக்குங்கம்மா. ஒண்ணும் புரியலை" என்றது செவியன். "இன்னும் ரெண்டு நாள் தண்ணிதான் இருக்கு. பெரியவங்க குடிக்கிறதை நிறுத்திட்டோம். குட்டிகளுக்கு மட்டும் கொடுக்கிறோம்."

 இதயங்களை எண்ணிக்கொண்டிருந்த தன் புத்தியை நினைத்து மஞ்சளிக்கு வெட்கமாக இருந்தது. வல்லியும் காதை ஆட்டாமல் நின்றது.

"அக்கா, நேத்து கோபத்துல கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றது மஞ்சளி. "நாளைக்கு நீங்க தோண்டப் போகும்போது உங்க முதுகுல உக்காந்து வரட்டுமா? சும்மா பாக்கிறேன். தெரியாததைக் கேக்கிறேன்."

"வா. ஆனா காதுகிட்ட கத்தாதே" என்றது வல்லி.

மறுநாள் வெயில் ஏறியதும் வல்லி தங்கள் காட்டின் வறண்ட ஆற்றுக்குள் இறங்கியது. நாலடி நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது.

"இங்க ஏன் நின்னீங்க?"

"எங்க நின்னேன்?"

"இப்பத்தான். முன்னங்காலை வச்சு, கொஞ்ச நேரம் நின்னு, எடுத்துட்டீங்க. அங்கேயும் அப்படித்தான் பண்ணினீங்க."

வல்லி திகைத்துப் போய்த் தன் காலைத் தானே பார்த்தது. மறுபடி மணலில் வைத்தது. சற்றுத் தள்ளி வைத்தது. அதன் கண்கள் விரிந்தன.

"அட, ஆமா! அங்க மணல் சுடுது. இங்க சில்லுன்னு இருக்கு. அடியில தண்ணி இருந்தா மேல சுடாது. இத்தனை வருஷமா காலு பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு, எனக்கே தெரியலை பாரேன்."

மஞ்சளி அங்கேயே செவியனைக் கூப்பிட்டது. "அடியில தண்ணி இருக்கிற மணல் சில்லுன்னு இருக்குமாம். யானைக்கு அது கால்ல தெரியுது. உங்களுக்கு எதுல தெரியும்?"

செவியன் யோசித்தது. "உள்ளங்காலெல்லாம் ரோமம், டீச்சர். வயித்துல தெரியும்."

நான்காம் நாள், சுனையின் கடைசித் தண்ணீரைக் குட்டிகள் நக்கி முடித்த பிறகு, வகுப்பு தொடங்கியது. பாட்டு ஒரே ஒரு வரி. மஞ்சளி ஒன்று சொல்லும், முயல்கள் அதைச் செய்து போனைத் திருப்பிக் காட்டும், வல்லி பார்த்துத் திருத்தும். வல்லி வளவளவென்று பேசப் போனால் மஞ்சளி அதன் காதைக் கொத்தும்.

"இடம் சரியில்லை. ஆறு வளையிற பக்கம் போகச் சொல்லு" என்றது வல்லி. "அதை அன்னிக்கே சொன்னேனே."

"எல்லாரும் தூங்கின அப்புறம் சொன்னீங்க."

முயல்கள் வளைவுக்கு ஓடி, வரிசையாக மணலில் வயிற்றை வைத்துப் படுத்தன. 'சுடுது சுடுது' என்று துள்ளின. கடைசியில் ஒரு கிழட்டு முயல் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. "இங்க சுகமா இருக்கு" என்றது.

"அங்கேதான் தோண்டுங்க" என்று மஞ்சளியும் வல்லியும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தன.

"நேரா தோண்டாதே, மணல் சரியும். சரிவா பறி" என்றது வல்லி. பள்ளம் ஒரு முயல் ஆழம் போனது. இரண்டு முயல் ஆழம் போனது. மணல் கறுத்தது, பிறகு நனைந்தது. செவியன் எதையோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் போன் மணலில் விழுந்து திரை இருண்டுவிட்டது.

மஞ்சளிக்கு உயிரே இல்லை. "செவியா? செவியா, என்ன ஆச்சு?"

 போனில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. சளக், சளக், சளக். நூறு நாக்குகள் தண்ணீரை நக்கும் சத்தம் அது.

அன்று ஒரு இதயம்கூடப் பறக்கவில்லை, எல்லாருடைய வாயும் தண்ணீருக்குள் இருந்தது. மஞ்சளி அந்தச் சத்தத்தைப் போனின் சார்ஜ் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. வல்லியும் குனிந்து பக்கத்தில் காதை வைத்துக்கொண்டது.

செய்யத் தெரிந்தவரும் சொல்லத் தெரிந்தவரும் கைகோத்து, கற்பவரையும் கேட்டுக்கொண்டு சொல்லித் தந்தால்தான் பாடம் பலன் தரும்.