கிணற்றுக்குள் கேட்ட பெயர்கள்

கருக்கம்பட்டியில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் சரிந்தது. நாற்பதடி ஆழத்தில் கூலியாள் இருதயம் மார்பளவு மண்ணில் சிக்கிக்கொண்டான். தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

மாதா கோயில் பங்குச் சாமி அமலதாஸ் ஓடி வந்தார். கூடவே பிரதர் சூசைநாதனும் வந்தார். கல்லூரியில் தத்துவப் பாடம் நடத்திவிட்டு நாற்பது வயதில் துறவுக்கு வந்தவர் அவர். தனக்குப் பயிற்சி தரும் சாமியைவிட ஒன்பது வயது மூத்தவர்.

மேட்டில் இருதயத்தின் மனைவி பிரகாசி மண்டியிட்டுக் கதறிக்கொண்டிருந்தாள்.

"அந்தோணியாரே, ஓடி வாரும்! சவேரியாரே! செபஸ்தியாரே! எங்கய்யா போனீங்க எல்லாரும்?"

பிரதர் சாமியின் காதருகே வந்தார். "எதுக்கு சாமி புனிதருங்க இத்தனை பேரு? கடவுளை நேராக் கேட்டாப் போதாதா?"

சாமி அங்கியைக் கழற்றினார். "கயித்தை என் இடுப்புல கட்டுங்க, பிரதர்."

"மறுபடி சரியும் சாமி!"

"அதான் இப்பவே போறேன்."

பிரதரும் முனியாண்டி, சேவியர் உட்பட மூன்று ஆட்களும் கயிற்றைப் பிடித்து அவரை இறக்கினார்கள். கீழே அவர் வெறுங்கையால் மண்ணை வாரும் சத்தம் கேட்டது. இடுப்புவரை எடுத்துவிட்டதாக ஒருமுறை குரல் கொடுத்தார்.

திடீரென்று தரை அதிர்ந்தது. கிணற்றிலிருந்து புழுதி எழும்பியது. மூன்று ஆட்களும் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்கள்.

"சாமி!"

கீழே மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பிரதர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அலறினார். "முனியாண்டி! சேவியர்! வாங்கய்யா! அந்தோணியாரே! மாதாவே! சவேரியாரே! பிரகாசி, பிடிம்மா! அம்மா... அம்மா!"

பிரகாசி எழுந்து வந்து கயிற்றைப் பற்றினாள். ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கயிறு இரண்டு முறை அசைந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு பேர் கனம்.

இருதயத்துக்குக் கால் முறிந்திருந்தது. உயிர் இருந்தது. அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

சாமி வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு மல்லாந்து படுத்தார். பிரதரின் உள்ளங்கைகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"யாரையெல்லாம் கூப்பிட்டீங்க, பிரதர்?"

பிரதர் தலை குனிந்தார். "ஞாபகமில்ல சாமி. வாயில வந்த பேரையெல்லாம்... செத்துப்போன எங்கம்மாவைக்கூட."

"கீழ கேட்டுச்சு. மண்ணு கழுத்துக்கு வந்ததும் இருதயம் கண்ணை மூடிட்டான். எவ்வளவு அதட்டியும் திறக்கல. அப்பத்தான் நீங்க ஒவ்வொரு பேரா கத்தினீங்க. மெதுவா கண்ணைத் திறந்து, 'மேல நமக்காக இத்தனை பேரா சாமி நிக்கிறாங்க?'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."