அண்டாவுக்கு மேல உப்புச் சட்டி

இதுல ஒரு வார்த்த பொய்யா இருந்தா, இனிமே நான் உக்கார்ற பந்தியில என் எலைக்கு மட்டும் பாயசம் வராமப் போகட்டும். இதுக்கு மேல என்னய்யா சத்தியம் பண்றது?

ஆத்தோரமா ஒரு மடம். அங்க ஒரு சாமி. அவருக்கு ஒரு சீடன், பேரு ஏகாம்பரம். சீடன்னதும் சின்னப் பையன்னு நெனைக்காதீங்க. பேரன் எடுத்த ஆளு. மடத்துச் சமையக்கட்டுக்கு அவருதான் தலைவரு. சாமிக்கு அவரவிட வயசு கம்மி. ஆனாலும் எல்லாரையும் நீ, வா, போன்னுதான் பேசுவாரு. காவி கட்டுனா அப்படி ஒரு வசதி.

அந்த மடத்துல ஒரு வழக்கம். குருபூஜை அன்னிக்கு ஆக்குற சோறு கொழம்ப, சமாதியில படைக்கிற வரைக்கும் ஒருத்தரும் நாக்குல வைக்கக் கூடாது. மோந்துகூடப் பாக்கக் கூடாது. உப்பு சரியா இருக்கான்னு பெரிய குருவுக்குத்தான் மொதல்ல தெரியும். அவரு சமாதியாகி எந்தக் காலமோ ஆச்சு, எந்திரிச்சு வந்து சொல்லவா போறாரு?

போன வருஷம் சாம்பாரு கடலா இருந்துச்சு. ஏகாம்பரம் அடுப்படியில நின்னு கூரையப் பாத்து, உப்பப் போடுங்கய்யான்னு கத்துனாரு. கூரைக்கா காது இருக்கு? கீழ நின்ன மூணு பேரு ஆளுக்கு ஒரு தடவ போட்டுட்டாங்க. சாப்ட்ட சனம் பாவம், மரியாதைக்கு ஒண்ணும் சொல்லல. நேரா எறங்கிப்போயி ஆத்துத் தண்ணியக் குடிச்சாங்க. ஆறு ஒரு சாண் கொறஞ்சுபோச்சு.

இந்த வருஷம் குருபூஜைக்கு மொத நாளு ஏகாம்பரம் சாமிகிட்ட வந்து நின்னாரு. இந்தத் தடவையும் கெட்டுப்போச்சுன்னா கரண்டிய வச்சிட்டு மடத்த விட்டே போயிடறேன்னாரு. அந்தச் சமையக்கட்ட விட்டா அவருக்குப் போக்கிடமும் இல்ல, வேற வேலையும் தெரியாது. சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு.

"வாய் கிழியச் சொல்றேன் சாமி. ஒருத்தன் காதுலயும் ஏற மாட்டேங்குது. எப்படிப் பேசுனா கேப்பாங்க?"

"நாளைக்கு நானும் சமையலுக்கு வர்றேன். எனக்கும் ஒரு வேல குடு."

மறுநாளு சாம்பாரு கொதிக்கிற நேரத்துல சாமி துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வந்து நின்னாரு. சாமியப் போயி தேங்காத் துருவுன்னு சொல்ல முடியுமா? ஏகாம்பரம் தலையச் சொறிஞ்சு பாத்துட்டு, கல்லுப்புச் சட்டிய எடுத்துப் பணிவா அவரு கையில குடுத்தாரு.

சாமி சட்டிய அண்டாவுக்கு மேல நீட்டிப் புடிச்சாரு.

"போடட்டுமா?"

"போடுங்க சாமி."

போடல. எதிர்ல நின்னு சாம்பாரக் கிண்டிக்கிட்டிருந்த கோமதிநாயகத்தப் பாத்தாரு. அவனுக்கு வேர்த்து ஊத்துது. அது அடுப்புச் சூடு மட்டும் இல்ல. வாயத் தெறக்குறான், மூடுறான், மறுபடி தெறக்குறான்.

ஏகாம்பரத்துக்கு வந்துச்சே கோவம். "ஏண்டா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

சட்டி லேசா சாஞ்சுது. ரெண்டு கல்லு உப்பு சாம்பார்ல விழுந்துச்சு.

"சொல்லித் தொலையேண்டா, எரும."

இன்னும் சாஞ்சுது. உப்பு மொத்தமும் சரிஞ்சு விளிம்புல வந்து நிக்குது.

ஏகாம்பரம் சட்டியப் பாத்தாரு. சாமியப் பாத்தாரு. சாமி மொகத்துல கோவமும் இல்ல, சிரிப்பும் இல்ல. ஏகாம்பரம் மெதுவா கரண்டியக் கீழ வச்சிட்டு, கோமதி பக்கத்துல போயி நின்னாரு.

"என்னப்பா?"

சட்டி நிமிந்துச்சு.

"உப்பு போட்டாச்சுண்ணே. சாமி வர்றதுக்கு முன்னாடி நீங்க கத்துனீங்கல்ல, அப்பவே போட்டுட்டேன்."

ஏகாம்பரத்துக்கு நாக்கு நமநமங்குது. அத அப்பவே சொல்றதுக்கு என்னடா கேடுன்னு தொண்ட வரைக்கும் வந்துடுச்சு. ஆனா சட்டி இன்னும் அங்கனதான் நிக்குது. முழுங்கிட்டாரு.

"நல்ல வேள சொன்ன."

அவ்வளவுதான். அடைச்ச மடையத் தெறந்து விட்ட மாதிரி ஆயிடுச்சு. காய் நறுக்குற சுடலைமுத்து எந்திரிச்சு வந்து, ரசத்துக்குப் புளி ஊத்துனது யாருண்ணேன்னு கேட்டான். பாத்தா ஒருத்தனும் ஊத்தல. ஆளாளுக்கு அடுத்தவன் ஊத்திட்டான்னு இருந்திருக்காங்க. பாயசத்துக்குக் கரைச்ச வெல்லத்துல மண்ணு கெடக்கு, இன்னும் வடிகட்டலன்னு இன்னொருத்தன் சொன்னான். போன வருஷக் கதையும் வந்துச்சு. உப்பு மூணு தடவ விழுந்தத அத்தன பேரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்களாம்.

ஏகாம்பரம் ஒவ்வொண்ணுக்கும் வாயத் தெறந்தாரு, சட்டியப் பாத்தாரு, மூடிக்கிட்டாரு. கூரையப் பாக்கவே இல்ல. சுடலைகிட்ட போயி, புளிய நீ ஊத்து, ஊத்திட்டு வந்து எங்கிட்டச் சொல்லுன்னாரு. அவனும் ஊத்திட்டு வந்து சொன்னான்.

படையல் ஆச்சு. பந்தியும் போட்டாச்சு. சனம் ரெண்டாவது தடவ சாம்பாரு கேட்டப்போ, ஏகாம்பரம் தூணுக்குப் பின்னால போயி மூக்கச் சிந்திட்டு வந்தாரு.

கடைசிப் பந்தியில சாமியும் சமையல் ஆளுங்களும் ஒண்ணா உக்காந்தாங்க. எல்லாருக்கும் வயிறும் நெறஞ்சு மனசும் நெறஞ்சு கெடக்கு. ஏகாம்பரம் மட்டும் சாமி பக்கம் சாஞ்சாரு.

"எப்படிப் பேசணும்னு கேட்டேன். நீங்க இன்னும் சொல்லவே இல்லையே சாமி?"

சாமி கையில ரசத்த வாங்கி உறிஞ்சுனாரு.

"கோமதி உங்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கானோ?"

"என் மக கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இருக்கான் சாமி."

"அவன் கொரலு கொஞ்சம் கரகரன்னு இருக்கு. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உனக்கு எப்போ தெரியும்?"

ஏகாம்பரம் கோமதி பக்கம் திரும்பி, ரசத்துல புளி போதுமாப்பான்னு கேட்டுட்டு, அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் கைய எலையில வைக்கல.

சரி, ஓசியில கேட்டது போதும். ஆளுக்கொரு டீயும் வடையும் எம்பேருல சொல்லிட்டு எந்திரிங்க. அந்தக் கோடியில சத்தமில்லாமச் செருப்பத் தேடுறவரே, உங்களுக்கு ரெண்டு வடை. திங்கறது நான்தான்.