இருநூறு டிகிரியில தேயுற குச்சி

குருவுக்கு வயசு முப்பத்தாறு. சிஷ்யருக்கு அம்பத்திரெண்டு. சிஷ்யர் பேரு குருசாமி. அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

குரு ஜெபராணி ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல புரொபசர். குருசாமி பாலிடெக்னிக்ல வாத்தியார், லீவு நாள்ல வந்து இவங்ககிட்ட பிஎச்டி பண்றவர். அலுமினியத்த உருக்கி, சிலிக்கான் கார்பைடு தூளைக் கலந்து, சுண்டுவிரல் தண்டிக்குக் குச்சி குச்சியா அவரே வார்த்து வச்சிருந்தார். சுத்தி ஓடுற இரும்புத் தட்டு மேல குச்சிய அழுத்தணும், ஹீட்டரைப் போடணும், எவ்வளவு எடை குறையுதுன்னு பாக்கணும். சூட்டுலயும் தேயாதுன்னு நிரூபிக்கணும்.

தேஞ்சுது.

வெள்ளிக்கிழமை பிஎச்டி கமிட்டி. அன்னிக்கும் வெறுங்கையோட போனா பதிவே ரத்து. இதுக்கு நடுவுல குருசாமி மக கல்யாணப் பத்திரிகையில சம்பந்தி 'முனைவர் குருசாமி'ன்னு அடிச்சு ஊரெல்லாம் கொடுத்துட்டாரு.

புதன்கிழமை லீவு போட்டுட்டு குருசாமி லேபுக்கு வந்தார். மூஞ்சி குச்சிய விடத் தேஞ்சிருந்துது.

"மேடம், சூடு வைக்கலைன்னா நல்லா நிக்குது. இருநூறு டிகிரி வச்சா சாக்பீஸ் மாதிரி கரையுது. கலவை தப்பா? வார்த்தது தப்பா? இல்ல என் ஜாதகமா?"

"ஒரு தடவகூட நல்லா வரலையா சார்?"

"ஒரு தடவ வந்துச்சு. அதத் தள்ளிட்டேன்."

"ஏன்?"

"அது தப்பான டெஸ்ட் மேடம். நடுவுல எங்க பிரின்சிபால் போன்ல வந்துட்டார். 'சரிங்க சார், சரிங்க சார்'னு தலையாட்டிக்கிட்டே எடையப் போட்டு, குச்சிய அப்படியே மறுபடி மாட்டிட்டேன்."

ஜெபராணி ஸ்டூல இழுத்து மெஷின் பக்கத்துல போட்டாங்க.

"இப்ப ஒண்ணு ஓட்டுங்க. நான் பாக்குறேன்."

ஓட்டினார். அரைமணிக்கு ஒருக்கா நிறுத்தி, ஆறவச்சு, எடை போடணும். முதல் தடவ நிறுத்திக் குச்சிய எடுத்தார். நுனியில கருப்பா, வழவழன்னு, தோல் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்துது. குருசாமி கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. உப்புத்தாள் வெளிய வந்துது.

"என்ன பண்றீங்க?"

"சுத்தம் பண்றேன் மேடம். சூடு வச்சாதான் இந்தக் கருப்பு ஒட்டும். ஒவ்வொரு தடவயும் பளபளன்னு தேச்சுட்டுத்தான் எடையே போடுவேன். தட்டையும் தேச்சுடுவேன். இந்த விஷயத்துல என்ன யாரும் குறை சொல்ல முடியாது."

ஜெபராணி கைய நீட்டினாங்க. உப்புத்தாள வாங்கி நாலா மடிச்சு, தன் ஹேண்ட்பேக்குல போட்டு, ஜிப்ப இழுத்தாங்க.

"அப்படியே எடை போட்டு மாட்டுங்க."

"அழுக்கோடயா?"

"அழுக்கோட."

"கமிட்டியில கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

குருசாமி மாட்டினார். தட்டு ஓடுச்சு. அடுத்த தடவ நிறுத்தினப்பவும் கை பைக்குப் போச்சு. பை காலி. வேட்டி நுனியாவது கிடைக்குமான்னு தேடுச்சு. அன்னிக்குப் பேன்ட்.

"கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க சார்."

கட்டிக்கிட்டார். இத்தன வருஷமா வகுப்புல பசங்களப் பார்த்து அவர் சொல்லிக்கிட்டிருந்தது அது.

மத்தியானம் கடைசி எடை. குருசாமி பார்த்தார். கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பார்த்தார். காலைல போட்ட எடைக்கும் இதுக்கும் பேருக்குத்தான் வித்தியாசம். நுனியில கருப்பு அப்படியே இருந்துது.

"மேடம்... இது தேயல."

"ம்."

"சூட்டுல அதுவா ஒரு சட்டை போட்டுக்குதா?"

"போட்டுக்குது."

"நான் அதத்தான் ஒவ்வொரு தடவயும்..."

குச்சிய உள்ளங்கையில வச்சுப் பார்த்துக்கிட்டே நின்னார்.

"அப்ப இத்தன வருஷமா நான் என்னத்த மேடம் அளந்தேன்?"

ஜெபராணி ஹேண்ட்பேக்க எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டாங்க.

"உங்க கைய, சார்."