ஐம்பது தோட்டாக்கள்

ரொறன்ரோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற குகநேசனுக்குக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பித்து. கடைத் தோட்டா அவருடைய ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே தோட்டா நிரப்பப் பழகலாம் என்று சிவகௌரியிடம் போனார். மூன்று வருடம் தொடர்ந்து மாகாணப் பதக்கம் வென்றவள் அவள். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். ஆனாலும் அவர் வாயில் ‘ரீச்சர்’தான்.

முதல் நாள் அவளுடைய நிலவறையைப் பார்த்து அவர் அசந்துபோனார். மேசை, யாரோ கழற்றி எறிந்த பழைய கதவு. தோட்டா பூட்டும் பொறி, பத்துக் கை மாறி வந்தது. சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள், சுடுகளத்தில் அவளே குனிந்து பொறுக்கியவை. தராசு மட்டும் புத்தம் புதிது.

“இந்தக் கதவில வைச்சோ ரீச்சர் பதக்கம் எடுத்தனீங்கள்?”

“கதவு சுடாது, அண்ணை.”

ஆறு கிழமை அவரைக் கோது துடைக்கவும் வெடிமருந்து நிறுக்கவும் மட்டுமே விட்டாள். ஏழாம் கிழமை அவருக்கு முதற்போட்டி வந்தது. அதே போட்டியில் அவளும் நான்காவது பதக்கத்துக்குச் சுடவிருந்தாள். ஐந்து மணி நேரப் பயணம். இருவரும் அவளுடைய காரில் நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். இரவு பத்துக்குள் பதியாவிட்டால் போட்டி இல்லை.

அன்று பின்னேரம் மூன்று மணிக்குக் குகநேசன் தன் கையால் நிரப்பிய ஐம்பது தோட்டாக்களும் பெட்டியில் மினுங்கின. தேநீரோடு படியிறங்கி வந்த சிவகௌரி பெட்டியைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த கைத்தொலைபேசியைப் பார்த்தாள்.

“ஆர் எடுத்தது?”

“மனுசி. புட்டுக்குழல் எங்கையெண்டு கேட்டவ. ரெண்டு நிமிசம்தான்.”

“அப்ப என்ன செய்துகொண்டு இருந்தீங்கள்?”

“மருந்து போட்டுக்கொண்டு...”

குகநேசனின் குரல் இறங்கியது. ஒரு கோதில் இரண்டு தரம் மருந்து விழுந்திருந்தால், துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். அது அவருக்குத் தெரியும்.

“உடைக்காமல் அப்பிடியே நிறுத்துப் பாப்பமோ?”

“பொறுக்கின கோது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு நிறை. தராசு உங்களுக்கு என்னத்தைச் சொல்லும்?”

“பிழையெண்டாலும் ஐம்பதில ஒண்டுதானே, ரீச்சர்.”

“எந்த ஒண்டு?”

அவள் தோட்டா கழற்றும் சுத்தியலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“என்ர பிழை. நீங்க வெளிக்கிடுங்கோ. உங்கட பதக்கம்...”

“தனிய விட்டா, பத்தோட களைச்சுப் போய் மிச்சத்தைப் பொக்கற்றுக்குள்ள போடுவீங்கள். நான் பஸ்காரரை அறிவன்.”

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் சுத்தியலால் தட்டினார். முனையிலிருந்த சன்னம் கழன்றது, மருந்து கொட்டியது. அவள் நிறுத்தாள். தட்டினார், நிறுத்தாள். நான்கு மணி ஆயிற்று. அவள் கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. முதலாவதை எப்படி நிறுத்தாளோ அப்படியே நாற்பதாவதையும் நிறுத்தாள். தராசு முள்ளை விட்டு அசையாத அந்தக் கண்களைப் பார்க்கப் பார்க்க, மூன்று பதக்கங்களும் எங்கிருந்து வந்தன என்று குகநேசனுக்கு விளங்கியது.

ஐம்பதாவதையும் நிறுத்து முடிக்கும்போது மணி ஐந்தே முக்கால். இனிப் புறப்பட்டும் பயனில்லை.

குகநேசன் சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

“ஐம்பதும் சரியாத்தான் இருந்திருக்கு, ரீச்சர். சும்மா உடைச்சிட்டம்.”

சிவகௌரி ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

“சரியெண்டு இப்பதானே அண்ணை உங்களுக்குத் தெரியும்?”