ஆறு மணிக்கு விழுந்த தாழ்ப்பாள்

திருமேனி, பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, நேரமானால் விசில் ஊதி வண்டியைத் துரத்துவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் பதினோரு பேர். குளியலறை ஒன்று. வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். திருமேனி ஓர் அட்டை வாங்கினார். சிவப்பு மையில் கோடு போட்டு, நீல மையில் நேரம் எழுதி, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆளுக்கு ஏழு நிமிடம். எட்டாவது நிமிடம் விசில்.

மருமகள்கள் முணுமுணுத்தார்கள். பேரப்பிள்ளைகள் காதில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்கள். ஆனாலும் ஆறு வருடமாகப் பள்ளிக்கூட வேனை ஒரு பிள்ளையும் தவறவிட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மாவா?

அப்படிப்பட்ட மனிதர் அந்தத் திங்கட்கிழமை, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவரிலிருந்து கழற்றிய அட்டையைக் கையில் பிடித்தபடி மடத்து வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் கோபம்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே இரண்டு அறை, ஒரு முற்றம். அங்கே தங்கியிருக்கும் சாமியாருக்குத் திருமேனியைவிட இருபது வயது குறைவு. இருந்தாலும் மனசில் எது உறுத்தினாலும் திருமேனி அவர் முன்னால் வந்துதான் கொட்டுவார். சாமி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“சாமி, நீங்க இப்பவே என்கூட வீட்டுக்கு வரணும்.”

“உட்காருங்க ஐயா.”

“உட்கார நேரமில்ல. என் சம்சாரத்துக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்.”

“தெய்வானையம்மாவுக்கா? என்ன பண்ணாங்க?”

“என்ன பண்ணலைன்னு கேளுங்க! காலைல ஆறு மணிக்கு பாத்ரூமுக்குள்ள போனா. தாழ்ப்பாளைப் போட்டா. ஆறு மணி என்னோட நேரம் சாமி! அப்புறம் வரிசையா எல்லாரும் இருக்காங்க. கதவைத் தட்டுனேன், பதில் இல்ல. விசில் ஊதினேன், அதுக்கும் இல்ல. ஏழு மணிக்கெல்லாம் பத்துப் பேரும் தோள்ல துண்டோட வாசல்ல நிக்கிறோம். உள்ள தண்ணி ஊத்திக்கிற சத்தம் மட்டும் கேக்குது. நிதானமா, ஒவ்வொரு சொம்பா.”

“உடம்புக்கு ஏதாவது...”

“நானும் அப்படித்தான் பயந்தேன். பாட்டுப் பாடுறா சாமி!”

சாமி ஒரு காம்பை உருவி ஓரமாகப் போட்டார்.

“ஏழே காலுக்கு வெளிய வந்தா. தலைக்குக் குளிச்சு, மஞ்சள் பூசி, ஈரத்தலையில துண்டைச் சுத்திக்கிட்டு. வேன்காரன் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டான். பெரியவன் முகத்தை மட்டும் கழுவிக்கிட்டு ஆபீசுக்கு ஓடுனான். ஏன்டி இப்படிப் பண்ணேன்னு கேட்டேன். ‘நாளைக்கும் ஆறு மணிக்குத்தான் குளிப்பேன்’னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு அடுப்படிக்குப் போயிட்டா.”

“சரி.”

“என்ன சாமி சரி? சின்ன மருமக எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்துட்டா. ‘ரெண்டு பாத்ரூம் இருக்கிற வீடாப் பாத்துக்கிட்டுத் தனியாப் போயிடலாம்’னு. என் பையன் வேணாம்னு சொல்லல. நாளைக்கும் இவ தாழ்ப்பாளைப் போட்டான்னா என் குடும்பம் ரெண்டாப் போயிடும். கட்டிக் காப்பாத்துனதெல்லாம் ஒரு பொம்பளையோட பிடிவாதத்துல போறதா?”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது.

சாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

“அதைக் கொடுங்க.”

திருமேனி அட்டையை நீட்டினார். நீட்டும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். நல்ல கையெழுத்து அவருக்கு.

சாமி உரக்கப் படித்தார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற தோரணையில், ஒவ்வொன்றாக.

“ஐந்து மணி, மோட்டார். ஐந்தே கால், பால். ஐந்தரை, காபி. ஆறு முதல் ஆறு இருபது வரை, திருமேனி.”

நிறுத்தினார்.

“வயசாச்சுல்ல சாமி,” என்றார் திருமேனி.

சாமி மேலே படித்தார். பேரப்பிள்ளைகள் நான்கு பேர். மகன்கள் இருவர். மருமகள்கள் இருவர். திருமேனியின் தங்கை. கடைசி வரி, ஞாயிறு எட்டரை, ஸ்கூட்டர் கழுவ.

“மோட்டார் யார் போடுறது?”

“தெய்வானை.”

“பால் வாங்குறது?”

“அவதான்.”

“காபி?”

“அவதான் சாமி. வேற யாரு?”

“அவங்க பேரு எங்க?”

திருமேனி அட்டையை வாங்கினார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழே வந்தார். கீழிருந்து மேலே போனார். பத்துப் பேர் இருந்தார்கள். ஸ்கூட்டர் இருந்தது.

“அவ... எல்லாரும் குளிச்சப்புறம் குளிப்பா.”

“எப்ப?”

“பத்து மணிக்கு. இல்ல, பாத்திரமெல்லாம் கழுவிட்டு... மத்தியானமா இருக்கும்.”

நான்கு நிமிடம் பிந்தி வந்த வண்டியை நிறுத்திவைத்துக் காரணம் கேட்டு எழுதிய மனிதர் இவர். பெண்டாட்டி எப்போது குளிக்கிறாள் என்று தெரியவில்லை.

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் முகத்தில் தெரிவதற்குள் மறுபடி கோபம் வந்துவிட்டது.

“சரி சாமி, விட்டுப்போச்சு. தப்புதான். வேணும்னேவா விட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எழுதியிருப்பேனே! விடியக்காலை நாலு மணிக்கு யாரும் போறதில்ல, அதை அவளுக்குன்னே ஒதுக்கியிருப்பேன். ஆறு வருஷம் சாமி! இந்த அட்டை அவ கண்ணு முன்னாடிதானே தொங்குது? ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னாளா?”

சாமி கீரைக்கட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு ஒண்ணேகால் மணி நேரம் சொல்லியிருக்காங்களே, ஐயா.”